அச்சோவியங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் கலை வரலாற்றில் ஏன் இவ்வளவு இடம்?

ஓவிய_மாணவி:
முதுகலையில் கலை வரலாறு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு பாடம் முழுக்கக் காகிதப் படைப்புகள்தான். பெரிய ஓவியத்துக்கு முன் போட்டுப் பார்த்த கோடுகளும் அச்சில் எடுத்த பிரதிகளும் இரண்டாம் வரிசைதானே? இவற்றுக்கு ஒரு முழுப் பாடம் எதற்கு?

பட்டறைக்காரன்:
செம்புத் தகட்டில் கீறி அச்செடுப்பது என் தொழில். அச்சோவியத்தைப் பிரதி என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறினால் கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பும். மை அதில் தங்குவதால்தான் அந்தக் கருமை அவ்வளவு மெத்தென்று விழுகிறது. ஆனால் உருளையின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும். முதலில் எடுத்த தாளும் பின்னால் எடுத்த தாளும் ஒன்றாக இருக்காது. பிற்பாடு அவர் அதே தகட்டில் பல உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரமாரியாகக் கோடுகளை இழுத்துக் காட்சியையே இருளில் மூழ்கடித்தார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், அவர் மனம் மாறியது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் ஓவியத்தில் பழைய எண்ணம் புதிய வண்ணத்துக்கு அடியில் புதைந்துபோகும்.

ஓவிய_மாணவி:
அது ஒரு கலைஞரைப் புரிந்துகொள்ள உதவும், சரி. வரலாற்றுக்கு என்ன பயன்?

பட்டறைக்காரன்:
சுவரோவியம் இருந்த இடத்தில்தான் இருக்கும். காகிதம் கடல் தாண்டும். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1511இல் தகட்டில் செதுக்கி அச்செடுத்த சிலுவைக்காட்சி உள்ளங்கை அளவுதான். அதிலிருந்த யோவானின் உருவத்தைப் பார்த்து 1600 வாக்கில் முகலாய ஓவியர் அபுல் ஹசன் வரைந்தார். அப்போது தமக்கு வயது 13 என்று அந்தத் தாளிலேயே எழுதியும் வைத்தார். இன்று அது ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் காகிதம் போயிற்று. மரத்தடியில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் முகலாயச் சிற்றோவியம் ஒன்றை ரெம்பிராண்ட் ஜப்பானியத் தாளில் வரைந்துகொண்டார். 1656இல் அவர் அச்செடுத்த ‘ஆபிரகாமும் தேவதூதர்களும்’ படத்தில் விருந்தினர்கள் அதே பாணியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமை விட்டு இந்தியாவுக்கு வராத மனிதர் அவர்! இதற்குச் சாட்சி காகிதம்தான்.

நூலகவாசி:
இன்னொன்று. இத்தாலிய ஓவியர் ரபேல், கிரேக்கப் புராண இளவரசன் பாரிஸை வைத்து வரைந்த ‘பாரிஸின் தீர்ப்பு’ மூலம் இன்று இல்லை. மார்க்கந்தோனியோ ராய்மோந்தி அதைத் தகட்டில் செதுக்கியதால்தான் நமக்குத் தெரிகிறது. அதன் வலது ஓரத்தில் அமர்ந்திருக்கும் மூவரின் அமைப்பை அப்படியே எடுத்துத்தான், 1863இல் பாரிஸ் நகரையே கொதிக்கவைத்த ‘புல்வெளி விருந்து’ ஓவியத்தைப் பிரெஞ்சு ஓவியர் மனே தீட்டினார். இரண்டு படங்களும் இணையத்தில் கிடைக்கும். கை கால் வைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.