போர்க்காலத்தில் விமானம் பழுதுபார்த்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? அனுபவத்தைப் பகிருங்கள்

சேலையூர்க்காரன்:

எங்கள் தெருவில் ஒரு வாரன்ட் ஆபீசர் தாத்தா இருந்தார். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த ரகத் தாத்தாக்கள் புதிதல்ல. 71 பாகிஸ்தான் போரில் ஜெய்சல்மர் தளம், ஹண்டர் போர்விமானம். ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டைக் கதை எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. டிசம்பர் 4 ராத்திரி பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன, ஹண்டர் இருட்டில் வேலைக்கு ஆகாது, 5ஆம் தேதி விடிந்ததும் கிளம்பின.

"சண்டையில என்ன தாத்தா பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"வயிறுதான் தம்பி. ஹண்டரோட வயிறு."

ஹண்டரில் 30 மில்லிமீட்டர் பீரங்கி நாலு. குழாய் மட்டும் விமானத்தோடு நிற்கும். மற்றதெல்லாம் குண்டுப் பெட்டிகளோடு சேர்ந்து ஒரே மூட்டையாக அடியில் கழன்று வரும். காலியானதை இறக்கி, நிரப்பி வைத்த இன்னொன்றை ஏற்றிவிட்டால் விமானம் தயார். தாத்தா ஈஸிசேரில் சாய்ந்தபடியே இரண்டு கையாலும் சுற்றிக் காட்டினார். "கீழே ரெண்டு புடைப்பு இருக்கும். குண்டுகளைக் கோத்திருக்கிற பெல்ட்டோட லிங்க் எல்லாம், சுட்டதும் அதுல விழும். திறந்தா கலகலன்னு கொட்டும். நிறையக் கொட்டினா பைலட் நிறையச் சுட்டிருக்கார்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச சண்டை அவ்வளவுதான்."

அப்புறம் உள்ளே திரும்பி, பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சா என்று பாட்டியிடம் கேட்டார். அந்த 'அவ்வளவுதான்' பெருமையா, ஆதங்கமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 2019இல் காலமாகிவிட்டார்.

கோவை மருமகள்:

என் மாமனார் என்ஜின் ஃபிட்டர். அவரோடு ரோட்டில் நடப்பது பெரும்பாடு. கிடக்கிற ஆணி, நட்டு, வாஷர் எதையும் விடமாட்டார், எண்பது தாண்டியும் குனிந்து பொறுக்கி ஜிப்பா பையில் போட்டுக்கொள்வார். ஓடுபாதையில் ஒரு சின்ன நட்டு கிடந்தாலும் ஜெட் என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே பிளேடு எல்லாம் போய்விடும் என்பார். சரிதான், ஆனால் நாங்கள் போவது காய்கறிக் கடைக்கு.

பையனின் காதுகுத்து அன்று மண்டபத்தில் மைக் மக்கர் பண்ணியது. மாமாவே பிரித்துச் சரிசெய்தார். முடித்துப் பையில் எண்ணினால் ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை. இலை போட்டாச்சு, சாம்பார் வாளியோடு ஆள் நிற்கிறார், இவர் "டூல் கிடைக்கிற வரைக்கும் யாரும் நகரக்கூடாது" என்கிறார்! நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டி நாற்காலிக்கு அடியில் தவழ ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே பழக்கம் போல. கடைசியில் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது.

அன்று ராத்திரிதான் பதான்கோட் பற்றி முதல்முறையாகச் சொன்னார். 1965 செப்டம்பர் 6 சாயங்காலம் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகள் வந்து, தரையில் நின்ற நம் விமானங்களைச் சுட்டுவிட்டுப் போனார்களே, அது. பள்ளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் நம் மிஸ்டேர் போர்விமானம் ஒன்று எரிகிறது. அன்று காலை அதன் எஃப்-700 ஏட்டில் 'பறக்கத் தகுதி' என்று கையெழுத்துப் போட்டவர் இவர். "நல்ல மிஷின்மா, ஒரு குறை கிடையாது. நின்ன இடத்துலயே போச்சு" என்றார். பந்தியில் அவரை முறைத்த சொந்தக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

விமானப்பித்தன்:

சேலையூர்க்காரரே, உங்கள் தாத்தா மெக்கானிக் அல்ல, ஆர்மரர், அதாவது விமானத்தின் ஆயுதங்களைப் பார்ப்பவர். ஃபிட்டர் வேறு, ஆர்மரர் வேறு. இந்தத் தலைப்பில் அவர் எப்படி வருவார்? அப்புறம் லோங்கேவாலா என்றாலே ஹண்டர், ஹண்டர். கீழே ஒரு ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடித்த 23ஆம் பஞ்சாப் படைப்பிரிவின் கம்பெனியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். என் பெரியப்பாவும் ஏர்ஃபோர்ஸ்தான், நாட் விமானம். அது அத்தனை குட்டி என்பதால் நின்றபடியே வேலை பார்க்கலாம் என்று சொல்வார். வேறு எதுவும் சொன்னதில்லை.

சேலையூர்க்காரன்:

பித்தன் அண்ணே, பஞ்சாப் கம்பெனியைத் தாத்தா பார்க்கவில்லை. பார்க்காததை அவர் சொல்லவும் இல்லை.

அல்சூர் பேத்தி:

சண்டை வேண்டாம், என் தாத்தா இரண்டு பேருக்கும் முந்தியவர். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் பையனாகச் சேர்ந்தார். 1943இல் அமெரிக்க ராணுவம் அந்தத் தொழிற்சாலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பெள்ளந்தூர் ஏரியில் கேடலினா கடல்விமானங்கள் வந்து இறங்கும், பழுதுபார்த்து அனுப்புவார்கள். (இன்று நுரை பொங்கும் அதே ஏரிதான்.) போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இனி யாருக்கும் உதவக்கூடாது என்று வெள்ளைக்காரர்கள் சேதப்படுத்திப் போட்டவை. ஏதோ பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டு பெங்களூருக்கு ஓட்டி வந்து, இங்கே முழுசாகச் சரிசெய்தார்கள். அவை 1968 வரை நம் விமானப்படையில் ஓடின.

ரிவிட் அடித்தே காது போய்விட்டது. வயதான பிறகு, பழைய ஏர்போர்ட்டில் விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து "ஏவ்ரோ" என்பார், "போயிங்" என்பார். சரியாகத்தான் சொல்கிறாரா என்று நாங்கள் யாரும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. 2008இல் ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குப் போனதும் கை வைப்பதையே விட்டுவிட்டார்.

ரிட்டயர்டு ஜே.டபிள்யூ.ஓ.:

நானும் ஏர்ஃபோர்ஸ் ஃபிட்டர்தான், ஜூனியர் வாரன்ட் ஆபீசராக ரிட்டயர் ஆனவன், தாம்பரம் எம்.டி.ஐ.யில் (மெக்கானிகல் டிரெயினிங் இன்ஸ்டிட்யூட்) படித்தவன். போர் பார்க்கவில்லை, போர் பார்த்தவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

காது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இப்படிப் பெரியவர் இருந்தால் உடனே இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் சோதனை எடுங்கள். 2003இல் வந்த திட்டம், கார்டு வைத்துக்கொண்டே கிளினிக் பக்கம் போகாதவர்கள் நிறைய. அடுத்து ஸ்பர்ஷ், ராணுவப் பென்ஷனுக்கான ஆன்லைன் தளம். வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். பி.பி.ஓ.வில் (பென்ஷன் உத்தரவு) மனைவி பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள், பிறகு பாட்டிதான் அலைய வேண்டும். ஏர்மேன் சர்வீஸ் விவரம் டெல்லி சுப்ரதோ பார்க் ரெக்கார்டு ஆபீசில் இருக்கும். மெடலையும் எடுத்துப் பாருங்கள். 65 என்றால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 71 என்றால் மேற்கே இருந்தவர்களுக்கு பஷ்சிமி, கிழக்கே இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், கூட சங்க்ராம் மெடல். சேலையூர்க்காரர் தாத்தாவுக்கு பஷ்சிமி வந்திருக்க வேண்டும். அவரை ஸ்பர்ஷில் முகவரி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சேலையூர்க்காரன்:

ஐயா, அவர் 2019லேயே காலமாகிவிட்டார். மேலே எழுதியிருக்கிறேனே. பாட்டியிடம் பி.பி.ஓ.வை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கோவை மருமகள்:

ஜே.டபிள்யூ.ஓ. சார், ஒரு சந்தேகம். மாமா வீட்டு சீலிங் ஃபேன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கம்பியால் முறுக்கி, ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறார். அவர் போன பிறகு ஃபேன் சத்தம் போடுகிறது. எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டுத் தொடமாட்டேன் என்கிறார்.

ரிட்டயர்டு ஜே.டபிள்யூ.ஓ.:

லாக்கிங் வயர்மா அது. போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கமாக இழுக்கும். முறுக்கைப் பிரிக்காதீர்கள், கட்டரால் வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டுகளை எண்ணிக் குப்பையில் போடுங்கள். பழைய கம்பியை மறுபடி கட்டக்கூடாது. ஃபேனில் சத்தம் பேரிங்காக இருக்கும், போல்ட்டாக இருக்காது, அவர் கட்டினது தளராது.