கைப்பேசியில் குறும்படம்: ஷாட்டுக்குள் வெளிச்சம் மாறுவதைத் தடுப்பது எப்படி?

கேள்வி: கைப்பேசியை மட்டுமே கொண்டு குறும்படம் ஒன்றை எடுத்து வருகிறேன். ஒரே ஷாட்டுக்குள் வெளிச்சமும் நிறமும் தாமாகவே மாறிக்கொண்டிருப்பதால், படம் வீட்டுக் காணொளிபோல் தெரிகிறது. தனி லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில் 1: லென்ஸ் தேவையில்லை. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றும் தாமாக மாறாதபடி பூட்டிவிட்டு, நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பதியும் நேரம்) 1/48 நொடி என்று வைத்துப் படமெடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளி நுழையும் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. ஆகவே வெயிலில் காட்சி வெளிறாமலிருக்க லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வேண்டும்.

பதில் 2: கையில் இருக்கும் பணத்தை முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. காலர் மைக்கை இன்னொரு கைப்பேசியில் இணைத்து, அதை நடிகரின் சட்டைப்பையில் வைத்துப் பதிவுசெய்து, ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால், எடிட்டிங்கில் ஒலியையும் காட்சியையும் எளிதாகப் பொருத்திவிடலாம்.