வலைமேல் உட்கார்ந்த பூச்சி

அத்தை (மண்டபம்) 10:42
📷
வலை காயப்போட்ட மணலில் கிடைத்தது. வெள்ளைத் துணியில் குங்குமமும் மையும் தொட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. என்ன வண்ணத்துப்பூச்சி?

பெரியப்பா 10:45
பகலில் பறக்கிற ஏதோ ஒன்று. மீன் போட்டோ அனுப்பு தங்கச்சி 😄

நான் 10:51
இது அந்துப்பூச்சி அத்தை. உணர்கொம்பின் நுனியில் குமிழ் இல்லை பாருங்கள், நூல் மாதிரி இருக்கிறது. இறக்கையையும் பீடி சுற்றியது போல உடம்போடு ஒட்டிவைத்திருக்கிறது.

அத்தை (மண்டபம்) 10:53
ஆமாம்டி. கிட்டப் போனால் ரெண்டடி பறந்து மறுபடி உட்காருகிறது. பறக்கும்போது வெள்ளையாகத்தான் தெரிகிறது, சிவப்பையே காணோம்!

நான் 10:58
சிவப்பு முன்னிறக்கையில் மட்டும்தான். பின்னிறக்கை வெள்ளை, ஓரம் மட்டும் கருகின தோசை மாதிரி கோணல்மாணலாகக் கறுப்பு. விரித்தால் 3, 4 செ.மீ. இருக்கும். அறிவியல் பெயர் யுடெதைசா புல்கெல்லா, அதில் புல்கெல்லா என்பது 1758-லேயே இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்தது. ஆனால் லோட்ரிக்ஸ் என்று இதே சாயலில் இன்னொன்றும் நம் நாட்டில் உண்டு. போட்டோவை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா 11:02
நம் பக்கம் மட்டும்தான் இருக்கிறதா ஆத்தா?

நான் 11:04
ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, இந்தியா என்று புல்கெல்லா எங்கும் உண்டு. வலசை போகிற பூச்சி, சில வருஷம் இங்கிலாந்தில்கூடப் போய் இறங்கும்.

பெரியப்பா 11:05
நாம் எல்லைக்கோட்டைத் தாண்டினால் படகோடு பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதைக் கேட்க ஆள் இல்லை!

அத்தை (மண்டபம்) 11:06
அண்ணே, ஆரம்பிக்காதீர்கள். அம்மா ஏதோ சொல்கிறது, டைப் பண்ணுகிறேன்: "கொல்லையில் தேள்கொடுக்குச் செடியில் கம்பளிப்புழு கிடக்கிறது. கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, செங்கல் நிறத்தில் பட்டை. நேற்று நாலைந்தைத் தட்டிவிட்டேன். ஆடே வாய் வைக்காத செடியை அது எப்படித் தின்கிறது?"

நான் 11:10
ஐயோ அப்பத்தா, இதன் புழுதான் போலிருக்கிறது! ஆடு தொடாத அந்த நஞ்சைத்தான் தின்று சேர்த்துவைக்கும். இறக்கை முளைத்த பிறகும் அது உடம்பிலேயே இருக்கும். குருவி கொத்தினால் கசக்கும், அதனால்தான் பட்டப்பகலில் இவ்வளவு தைரியம். கிலுகிலுப்பைச் செடியிலும் தேடிப்பாருங்கள்.

அத்தை (மண்டபம்) 11:11
நஞ்சா? சின்னவன் கையில் பிடித்தானே!!

நான் 11:12
தின்றால்தான் வம்பு. கையைக் கழுவச் சொல்லுங்கள், போதும்.

பெரியப்பா 11:15
கொல்லையைச் சுத்தம் பண்ண நாளைக்கு ஆள் வருகிறது.

அத்தை (மண்டபம்) 11:19
வேலி ஓரத்துத் தேள்கொடுக்கை மட்டும் விட்டுவிடச் சொல்கிறது அம்மா. பூச்சி போய்விட்டது, கச்சான் காற்று பாம்பன் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.