நீர்வெறுப்புச் சேர்மங்களின் கரைதிறன்: அளக்கும்போது எதிர்ப்பட்டவை

குடுவைக்காரர்:
பென்சீனில் ஆளைக் குழப்புவது வெப்பநிலை. 25 டிகிரியில் லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 1.8 கிராம் கரையும். வாட்டர் பாத்தை 10, 15, 20 என்று ஏற்றிப் பார்த்தால் எண் அசையவே அசையாது. கருவி பழுது என்று மறுபடி கேலிபரேட் செய்யக் கிளம்ப வேண்டாம். கரைசல் என்தால்பி, அதாவது கரையும்போது உறிஞ்சும் வெப்பம், 25 டிகிரியில் மோலுக்கு 2 கிலோஜூல்தான். ஒரு டிகிரிக்கு 0.3 சதவீதம்கூட மாறாது. கரைவதற்கான மொத்தத் தடையைச் சொல்லும் கிப்ஸ் ஆற்றலோ 19 கிலோஜூல். மீதி 17-ம் என்ட்ரோபியின் (ஒழுங்கின்மையின்) கணக்கு. வெப்பக் கொள்ளளவு மாற்றம், அதாவது ஒரு டிகிரிக்கு அந்த என்தால்பி மாறும் அளவு, கெல்வினுக்கு 225 ஜூல் அளவுக்குப் பெரிது. அதனால் குளிரக் குளிர என்தால்பி இறங்கி, 16 டிகிரி வாக்கில் பூஜ்யமாகி, அதற்குக் கீழே குறி மாறிவிடும். கரைதிறன் மிகக் குறைவாக இருப்பது அந்த இடத்தில்தான்.

பாச்சை உருண்டை:
பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனில் அந்தச் சலுகை கிடையாது. கரைசல் என்தால்பி சுமார் 25 கிலோஜூல், அதில் 19 படிகம் உருகுவதற்கே போய்விடுகிறது. ஒரு டிகிரி தவறினால் 3 சதவீதத்துக்கு மேல் பிழை. 25 டிகிரியில் லிட்டருக்கு 31, 32 மில்லிகிராம் வர வேண்டும். உப்பையும் கவனியுங்கள்: கடல்நீர் அளவு உப்பிருந்தால் 20 முதல் 30 சதவீதம் குறையும். கடையில் வாங்கிய உருண்டையை அப்படியே போடாதீர்கள், பல உருண்டைகள் பாரா-டைகுளோரோபென்சீன். உருகுநிலை பார்த்தால் தெரிந்துவிடும்: நாப்தலீனுக்கு 80, மற்றதற்கு 53.

புதியவர்:
ஆந்த்ரசீன், பினாந்த்ரீன் இரண்டும் ஒரே வாய்பாடு. ஆனால் ஒன்று லிட்டருக்கு 0.045 மில்லிகிராம், மற்றது 1.1. தண்ணீர் ஏன் இந்த ஓரவஞ்சனை செய்கிறது?

குடுவைக்காரர்:
தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். படிகத்தை உடைக்கும் செலவைக் கழித்துப் பாருங்கள். உருகல் வெப்பத்தை வாயு மாறிலியால் வகுத்து, 298-ன் (25 டிகிரி, கெல்வினில்) தலைகீழுக்கும் கெல்வினில் உருகுநிலையின் தலைகீழுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். வரும் எண்ணை எதிர்க்குறியோடு e-யின் அடுக்காகப் போட்டால் கிடைப்பதுதான் திண்மத்துக்கான திருத்தம். பினாந்த்ரீன் (16.5 கிலோஜூல், 99 டிகிரி) 0.27 தரும். ஆந்த்ரசீன் (29.4 கிலோஜூல், 216 டிகிரி) 0.01-ஐ ஒட்டி வரும். கரைதிறனை இவற்றால் வகுத்தால் இரண்டும் நாலு, நாலரை மில்லிகிராம்! திரவமாக இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் உருகல் என்ட்ரோபி (உருகல் வெப்பத்தை உருகுநிலையால் வகுத்தது) மோலுக்கு, கெல்வினுக்கு 56.5 ஜூல் என்று பொது எண்ணைப் போடுகிறவர்களுக்கு 6-ம் 3.5-ம் வரும். அவசரத்துக்கு அது போதும், அறிக்கையில் எழுத வேண்டாம். திண்மத்துக்கும் திரவத்துக்கும் உள்ள வெப்பக் கொள்ளளவு வித்தியாசத்தை இரண்டு வழியிலும் விட்டிருக்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பத்தித்தண்ணீர்:
அந்த 0.045-ஐக் குடுவையில் குலுக்கி எடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத துகள் மிதந்து எண்ணைப் பத்து மடங்கு ஏற்றிவிடும். சரி, வடிகட்டுவோம் என்று 0.45 மைக்ரான் நைலான் ஃபில்டரில் விட்டால், அது கரைந்ததையும் சேர்த்து விழுங்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்றாலே பத்தி முறைக்குப் போய்விடுங்கள்: சேர்மம் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் (பத்தி) வழியாகத் தண்ணீரைப் பம்ப் செய்து, வெளியே வருவதை அளப்பது. சேர்மத்தை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, எடையில் 1 சதவீதம் வரும்படி கண்ணாடி மணிகளில் பூசி, கரைப்பானை முழுக்க ஓட்டிவிட்டுப் பத்தியில் நிரப்புங்கள். மிச்சம் தங்கிய கரைப்பானும் எண்ணைக் கெடுக்கும். சிலிக்கோன் குழாய் கூடாது, எஃகுதான். முதலில் வருவதைக் கொட்டிவிடுங்கள். சேகரிக்கும் குப்பியில் முன்பே அளந்த அசிட்டோநைட்ரைல் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு பம்ப் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். செறிவு மாறவில்லை என்றால் சரி. வேகம் குறைந்ததும் செறிவு கூடினால் முன்பு தண்ணீர் தெவிட்டவில்லை (கரைய வேண்டிய அளவு முழுதும் கரையவில்லை) என்று பொருள், பத்தியை நீளமாக்குங்கள். குறைந்தால் துகள் உதிர்கிறது, பூச்சை மெல்லியதாக்கி மறுபடி நிரப்புங்கள்.