சென்னை–சிங்கப்பூர்: எக்செல்லில் தூரம் 42 கி.மீ. குறைவு, பயண நேரம் ######

கேள்வி:
சென்னை 12°59′40″ வடக்கு, 80°10′50″ கிழக்கு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1°21′33″ வடக்கு, 103°59′22″ கிழக்கு. இவற்றை 12.5940, 80.1050, 1.2133, 103.5922 என்று உள்ளிட்டேன். ஹாவர்சைன் சூத்திரம் (கோளத்தின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடுவது) 2,881 கி.மீ. தருகிறது, மற்ற இடங்களில் 2,923. ரேடியனுக்கு மாற்றிவிட்டேன். புறப்பாடு 23:15, வருகை 05:55 (அந்தந்த ஊர் நேரம்). கழித்தால் கட்டம் முழுக்க ######. எங்கே தவறு?

பதில் 1:
சூத்திரம் சரி, உள்ளிட்ட எண்கள்தான் தவறு. 59 நிமிடம் என்பது 0.59 பாகை ஆகாது. நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்: 12 + 59/60 + 40/3600 = 12.9944. மற்றவை 80.1806, 1.3592, 103.9894. பூமியின் ஆரம் 6,371 என்று வைத்தால் 2,923 வந்துவிடும். வேறு தளத்தில் சில கி.மீ. மாறினால் பதற வேண்டாம்; பூமி சரியான கோளம் இல்லை, ஹாவர்சைனில் அரை சதவீதம் வரை பிசகலாம்.

1,578 என்றும் 1,817 என்றும் பார்த்தால் குழம்பாதீர்கள். முதலாவது கடல் மைல் (1.852 கி.மீ.), அடுத்தது தரை மைல்.

பதில் 2:
சூத்திரத்தில் கோணம் கண்டுபிடிக்க ஏசைன் (ASIN) சார்புக்குப் பதில் ஏடேன்2 (ATAN2) போட்டிருந்தால் கவனம். எக்செல்லில் முதலில் எக்ஸ், பிறகு ஒய். பெரும்பாலான நிரல்மொழிகளில் தலைகீழ். நகலெடுத்து ஒட்டும்போது எல்லோரும் இடறும் இடம் இது.

பதில் 3:
###### வரக் காரணம், நேரம் எதிர்மறையாகப் போவது. எக்செல்லின் வழக்கமான தேதி முறையில் எதிர்மறை நேரத்தைக் காட்ட வழியில்லை. சிங்கப்பூர் நம்மைவிட 2:30 மணி முன்னால். வருகையிலிருந்து புறப்பாட்டையும் 2:30-ஐயும் கழித்து, மொத்தத்தையும் மாட் (MOD) சார்புக்குள் வைத்து, வகுக்கும் எண்ணாக 1 கொடுங்கள். நள்ளிரவு தாண்டினாலும் 4:10 வரும்.

கேள்வி கேட்டவர்:
2,923 வந்துவிட்டது, நன்றி! ஆனால் மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 3:15தானே? மீதி 55 நிமிடம் எங்கே போகிறது?

பதில் 3:
900 இங்கே அதிகம். ஏ320 ரக விமானம் மாக் 0.78-இல் (ஒலி வேகத்தின் 0.78 மடங்கு) சுமார் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்), அதாவது மணிக்கு 833 கி.மீ. 1,578 கடல் மைலை 450-ஆல் வகுத்தால் 3:30. அட்டவணையில் இருப்பது பிளாக் டைம்: இங்கே நிறுத்துமிடத்திலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளியது முதல் அங்கே நிறுத்தும் வரை. ஓடுபாதைக்குப் போவது, வருவது 20–25 நிமிடம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு மேல் ஓட்ட முடியாது. ஏற்ற இறக்கத்தில் இன்னொரு 15 போகும். வான்தடமும் நேர்கோடு அல்ல. காற்று எதிர்த்தால் 450-இலிருந்து அதன் வேகத்தைக் கழித்துவிட்டு வகுங்கள்.

திரும்பும் பயணத்துக்கு அதே சூத்திரத்தில் 2:30-ஐக் கூட்ட வேண்டும். 21:00-க்குக் கிளம்பி 22:40-க்கு இறங்குவது 1:40 இல்லை, அதுவும் 4:10தான்.