சட்டித் தயிர் வாங்கினால் குப்பை குறையுமா?

கல்லடிக்காரி:
நேற்று படுவான்கரையான் அண்ணன் ‘எளிமையாக வாழச் சின்னச் சின்ன மாற்றங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். கடைக்குத் துணிப்பை, வேலைக்குச் சாப்பாட்டுப் பெட்டி, அதெல்லாம் சரி. ஆனால் மூன்றாவதாக, ‘பிளாஸ்டிக் கப் தயிரை விட்டுச் சட்டித் தயிர் வாங்குங்கள், சட்டியை எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும்’ என்று எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கிணற்றடியில் போய் எண்ணினேன். முப்பத்தொரு சட்டி. அப்பா இருந்த காலத்தில் எறிந்தவைகூட அடியில் அப்படியே கிடக்கின்றன. சுட்ட மண் திரும்ப மண்ணாகாது அண்ணன். ஆயிரம் வருடத்துக்கு முந்தின ஓட்டுத் துண்டு நிலத்துக்குள் கிடந்து கிடைப்பதால்தானே தொல்லியல்காரர்கள் அதை வைத்துக் காலம் சொல்கிறார்கள்?

படுவான்கரையான்:
தங்கச்சி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தயிர் போடுகிறோம். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் இருந்துகொண்டு சட்டியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மண்ணில் இருந்து வந்தது மண்ணுக்குத்தான் போகும். 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழல், தட்டு, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் தடை செய்தார்கள். கப்பையும் தடை செய்துவிட்டு யோகட் கப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அரசாங்கம் விட்டுவைத்ததை நாங்கள்தான் விட வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

சம்மாந்துறைப் பொடியன்:
அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைத் தெரியாதா? எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி போனது. தயிர்ச் சட்டி தின்று எந்த யானை செத்தது?

கல்லடிக்காரி:
தம்பி, நான் யானையைப் பற்றிப் பேசவில்லை. சட்டி மண்ணாகுமா, ஆகாதா? அதைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
எளிய வாழ்க்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதில் முதலில் ஓர் உடன்பாடு வேண்டும். குறைவாக வாங்குவதா, வாங்கியதை நீண்ட நாள் பாவிப்பதா, எறிவதைக் குறைப்பதா? மூன்றும் ஒன்றல்ல.

படுவான்கரையான்:
சேர், வரைவிலக்கணம் பிறகு பார்க்கலாம். இந்தத் தங்கச்சி போன மாரியில் தாமரை இலை விஷயத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பினா. இலையில் சோறு கட்டிக் கொடுங்கள் என்று நான் எழுதினால், இலை பறிக்கப் போய் ஆள் குளத்தில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டா. நான் மறக்கவில்லை. சட்டி என்ன செய்கிறது என்று தெரியுமா? அதன் உடம்பில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தயிரில் உள்ள தண்ணீரை அது இழுக்கும், வெளியே கசிந்து காயும்போது தயிரும் குளிர்ந்து இருக்கும். எருமைப்பால் தயிர் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகுவது அதனாலும்தான். பிளாஸ்டிக் கப் ஒரு துளித் தண்ணீர் இழுக்குமா? குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி இது.

கல்லடிக்காரி:
தயிர் ருசி இல்லை என்று யார் சொன்னது? சட்டி மண்ணாகுமா?

ஸ்கார்பரோ மருமகன்:
இங்கே கனடாவில் கண்ணாடிப் போத்தலில் பால் வாங்கினால், போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்கும். ஊரிலும் முந்தி சோடாப் போத்தல் அப்படித்தானே. சட்டியையும் திருப்பி எடுக்கலாமே?

படுவான்கரையான்:
பனிக்குள் இருந்துகொண்டு ஆலோசனை சொல்வது சுகம். அந்தத் துளைகளுக்குள் பழைய புளிப்பும் நெய்யும் ஊறிப் போயிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அதில் திரும்ப உறை ஊற்றினால் தயிர் கெட்டு வாடை அடிக்கும். ஒரு சட்டியில் ஒரு தடவைதான் போடலாம்.

கல்லடிக்காரி:
அப்பாடா, உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. ஒரு தடவைதான்! ஒரு தடவை பாவித்து எறிகிற பொருளை விடுங்கள் என்றுதானே பட்டியல் போட்டீர்கள்? சட்டியும் அதுதானே?

சம்மாந்துறைப் பொடியன்:
ராத்தா, சட்டியை ஏன் எறிய வேண்டும்? எங்கள் உம்மா அடியில் துளை போட்டு மிளகாய்க் கன்று வைக்கிறா. சிலதைத் துளை போடாமல் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி விடுவா. மணல் தரையில் தண்ணீர் மெதுவாகக் கசிந்து பூசணிக் கொடிக்குப் போகும்.

கல்லடிக்காரி:
எத்தனை கன்று வைப்பது தம்பி? கிழமைக்கு இரண்டு சட்டி வாங்குகிற வீட்டில் வருடத்துக்கு நூறு சட்டி சேரும். மாரி தொடங்கினால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். அதில் நுளம்புக் குடம்பி நெளியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து வழக்குப் போட்டால் மூன்று தலைமுறைக்காரரா வந்து தண்டம் கட்டுவார்? போன வருடம் என் மகளை டெங்குக் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் கண் மூடவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

படுவான்கரையான்:
பிள்ளைக்கு வருத்தம் வந்தது கவலைதான். அதற்காகச் சட்டியில் பழி போடாதீர்கள். கவிழ்த்து வைக்கத் தெரியாதவர்கள் வீட்டில் சிரட்டையிலும் நுளம்பு வரும். உடைத்துப் போட்டால் தண்ணீர் எப்படி நிற்கும்? உடைத்தால் மண்ணோடு மண்.

கொக்கட்டிச்சோலைப் பேத்தி:
சட்டி செய்கிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் அம்மப்பா சக்கரம் சுற்றியவர். குளத்துக் களி எடுத்து, மிதித்து, நிழலில் காயவைத்து, விறகும் வைக்கோலும் போட்டுச் சூளை வைப்பார். சூளையில் வெடித்துப் போகிற சட்டிக்குக் காசு கிடையாது. படுவான்கரையான் அண்ணன், தயிருக்கு விலை ஏற்றும்போது சட்டிக்கும் ஏற்றிக் கொடுத்தீர்களா?

படுவான்கரையான்:
இப்போது கணக்குக் கேட்க வந்துவிட்டீர்களா? அப்படியென்றால் பாலின் கணக்கையும் கேளுங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்களே, அன்றைக்கு இந்தக் குப்பை எண்ணுகிறவர்கள் எங்கே இருந்தார்கள்? மாடு மேயத் தரை இல்லாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் சட்டியும் இல்லை, உங்கள் சண்டையும் இல்லை. கடைசியில் கொழும்பில் இருந்து வருகிற கப்பைத்தான் எல்லாரும் நக்க வேண்டும்.

கொக்கட்டிச்சோலைப் பேத்தி:
நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. நானும் படுவான்கரைதான். சித்தாண்டிக்கு இரண்டு தடவை போனேன். சட்டிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

அக்கரைப்பற்று ஆசிரியர்:
ஒரு சட்டியைச் சுட எரிகிற விறகையும் கணக்கில் எடுத்தால்தான் கப்போடு ஒப்பிட முடியும். நான் முதலில் கேட்ட மூன்றில் எது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

படுவான்கரையான்:
சேர், வயலில் கிடந்து எரிகிற வைக்கோல் சூளையில் எரிந்தால் என்ன குறைந்தது? இருபது வருடம் இந்தக் கையால் சட்டி தூக்கியிருக்கிறேன். உடைந்த சட்டி என் வளவில் எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. மண்ணாகிவிட்டது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கல்லடிக்காரி:
எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் அது மண்ணாகிவிட்டது என்று அர்த்தமா? ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், கிடக்கும். சரி, வாகனம் பிடித்து முப்பத்தொரு சட்டியையும் உங்கள் வளவில் கொண்டுவந்து இறக்குகிறேன். எடுப்பீர்களா?

படுவான்கரையான்:
எடுப்பேன் என்று நான் எங்கே எழுதினேன்? மண்ணாகும் என்றுதான் எழுதினேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.