கேலி நடக்கும் இடத்தில் பேசாமல் இருப்பது மறுதலிப்பாகுமா?

கேள்வி (காரைக்குடி)

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். உடன் வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் தேநீர் நேரத்தில் பேச்சு மதத்தின் பக்கம் திரும்பினால், விசுவாசம் என்பது விவரம் அறியாதவர்களின் பிடிவாதம் என்றே முடியும். அப்போது நான் பேசுவதில்லை. இது கிறிஸ்துவை மறுதலிப்பதாகுமா? புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் மாலை, ஆலய வழிபாட்டுக்காகச் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்கும்போது உண்மைக் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டுமா? ஆயுத பூசையன்று படைத்த பொரியை நீட்டினால் என்ன செய்வது?

பதில் 1 (தேவகோட்டை)

தம்பி, பேதுரு தமது முதல் நிருபத்தை, பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா முதலிய நாடுகளில் சிதறி, அக்கம்பக்கத்தாரின் ஏளனத்துக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கே எழுதினார். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றாரே தவிர (3:15), எல்லா விவாதத்திலும் இறங்கச் சொல்லவில்லை. ஆகவே யாரும் கேட்காதபோது பேசாதிருப்பது பாவமன்று. கேட்கும்போது மழுப்புவதே ஆபத்து. பேதுரு இயேசுவை மறுதலித்தது அதிபதியின் முன்னால் அன்று, முற்றத்தில் குளிர்காய்ந்தபோது ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட சாதாரணக் கேள்விக்கு முன்னால்.

நமக்கு அருகிலுள்ள ஓரியூரையும் நினையுங்கள். போர்த்துகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1686-இல் சிறைப்பட்டு வதைக்கப்பட்டு, மறவர் நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டவர். ஐரோப்பாவுக்குப் போயும் அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்தார். மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்ற நிபந்தனையை அவருடைய செல்வாக்கைக் கருதித் தளர்த்தவில்லை. அதனால் விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி, மறவர் நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் முறையிட, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அந்த ஊர்ச் செம்மண்ணைப் பக்தியோடு அள்ளி வருகிறோம். வளைந்துகொடுக்காத அந்த உறுதியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம் என்பது என் ஆதங்கம்.

பதில் 2 (காரைக்குடி)

தேவகோட்டை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வேதனையையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்லவேண்டும். நம் உறுதி பிறரையும் தொடுகிறது. அதனால்தான் சாந்தம் வேண்டும் என்கிறது வேதம்.

பொரியைப் பொறுத்தவரை சபைக்குச் சபை கருத்து மாறும். பவுல், விருந்தில் வைத்ததை விசாரிக்காமல் உண்ணலாம் என்றும், அது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சியின் பொருட்டு உண்ணவேண்டாம் என்றும் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 10:27-28). உங்கள் அலுவலகத்தில் படைத்த செய்தி எல்லோருக்கும் தெரியும் என்பதால், "எனக்கு வேண்டாம் அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்று கைகூப்பிச் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அன்று விடுப்பு எடுத்து ஒதுங்கிவிடாதீர்கள். மேசைகளைத் துடைக்கக் கூட நில்லுங்கள். நான் குடியிருக்கும் வீட்டு ஆச்சி நோன்புக்கு அழைத்தபோது, வர இயலாததைக் காரணத்தோடே சொன்னேன். ஆச்சி கோபிக்கவில்லை, அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்து கொடுத்தார்.

பெரிய வியாழன் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியை ஒட்டியே வரும். அன்றைய வேலையை முந்தின நாளே முடித்துக் கொடுத்துவிட்டு, விண்ணப்பத்தில் "சொந்த வேலை" என்று எழுதாமல் "ஆலய வழிபாடு" என்றே எழுதுங்கள்.